வீட்டுக் கோழிகளும் தெருவின் கடமையும்

கிராமத்து வீடுகள் பலவற்றில் நாலைந்து பெட்டைக் கோழிகள் புறக்கடையிலே குப்பையைக் கிளறித் திரிவதை நாம் சிறுவயது முதலே கண்டிருக்கின்றோம். அவற்றிற்கென்று எவரும் பொருள் செலவிடுவதில்லை. ஆகையால் அவை இடும் முட்டைகளும் செலவில்லாத வரவென்றே எண்ணப்படுகின்றன. இவ்வெண்ணம் பாதியே உண்மை. ஓர் அடையிற் பொரித்த குஞ்சுகளுள் பருந்துக்கும் காகத்துக்கும் கீரிக்கும் போக எஞ்சுவன சில. அவையும் முட்டையிடும் பருவம் எய்துகையில் கொள்ளைநோய் வந்து, ஒரு வாரத்திற்குள் கூட்டை வெறுமையாக்கிவிடுகின்றது. இந்நஷ்டம் எக்கணக்கிலும் எழுதப்படாமையால் எவர் கண்ணிலும் படுவதில்லை. முட்டைக்காகச் சிறு கோழிக்கூட்டம் ஒன்றை வளர்ப்பது எங்ஙனம், அதனை அழிவினின்று காப்பது எங்ஙனம் என்பவற்றைச் சுருக்கமாக ஆராய்வோம்.

இனம்:— நம் நாட்டுக் கோழி ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 60 முதல் 80 முட்டைகள் இடும். பத்துப் பதினைந்து முட்டைகள் இட்டவுடன் அடையில் அமர்ந்து, 21 நாளிற் குஞ்சு பொரித்து, பின்னர்ச் சில வாரங்கள் குஞ்சுகளோடு திரியும். அக்காலமெல்லாம் முட்டை கிடையாது. இத்தாலி நாட்டு வழிவந்த வெள்ளை லெகார்ன் இனமோ பெரும்பாலும் அடைகாப்பதில்லை. நல்ல தீனி பெற்றால் ஆண்டுக்கு 250க்கு மேலும் இடும். ஆயின் வெண்ணிறம் பருந்தின் கண்ணிற்கு எளிதிற் புலப்படும். தானே இரை தேடி வாழும் திறமும் அதற்குக் குறைவு. ஆகவே அடைக்கென நாட்டுக் கோழிகள் சிலவும், முட்டைக்கென உயர்ந்த இனத்துக் கோழிகள் சிலவும் வைத்துக்கொள்ளுதல் நலம். குஞ்சு வேண்டாதார்க்குச் சேவல் அவசியமன்று. சேவல் சேராத முட்டையில் கரு வளராது. எனவே கோடையிலும் அது சற்று அதிக நாள் கெடாதிருக்கும்.

கூடு:— பகலில் வெளியே மேயும் கோழிக்கு இரவிற் பாதுகாப்பான உறைவிடம் போதும். கோழியொன்றுக்கு இரண்டு சதுர அடி இடமிருத்தல் வேண்டும். தரை மேடாகவும் ஈரமின்றியும் இருக்கவேண்டும். காற்று வருவதற்கான திறப்புகளுக்குக் கீரியும் மரநாயும் நுழையாதபடி சிறுகண் கம்பிவலை அடித்தல் அவசியம். உட்காரக் கழிகளும், நான்கைந்து கோழிக்கு ஒன்றாக வைக்கோல் பரப்பிய இருண்ட முட்டைப் பெட்டியும் வைக்கவேண்டும். அருகே ஒரு குழியில் சாம்பலும் மணலும் இட்டுவைத்தால் கோழிகள் அதிற் புரண்டு பேன்களைத் தாமே போக்கிக்கொள்ளும்.

ஆகாரம்:— முற்றும் கூட்டிலே அடைத்து வளர்க்கும் முட்டைக்கோழி நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தீனி உண்ணும். மேயும் கோழி அதில் ஒரு பகுதியைப் புழுவாலும் கீரையாலும் தானே தேடிக்கொள்ளும். எஞ்சியதைக் கம்பு, சோளம், குருணை, தவிடு, பிண்ணாக்கு ஆகியவற்றால் நாம் நிரப்பவேண்டும். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு நஞ்சாதலின் அதனை ஒருபோதும் இடலாகாது. முட்டையோடு பெரும்பாலும் சுண்ணச்சத்தே. ஆதலால் கிளிஞ்சலை நொறுக்கித் தனிக் கலத்தில் வைத்தல் வேண்டும்; அஃதின்றேல் தோல்முட்டைகள் தோன்றும். பழம்பானையில் ஈரச் சாணமும் வைக்கோலும் அடைத்துப் புற்றின்மீது இரவிற் கவிழ்த்துவைத்தால், காலையிற் கறையான் நிறைந்திருக்கும். குஞ்சுகளுக்கு இதனினும் மலிவான சத்துணவு அரிது. நிழலிற் சுத்தமான நீரும் எப்பொழுதும் இருத்தல் வேண்டும்.

நோய்:— இதுகாறும் கூறியன யாவும் ஒரு வீட்டார் தாமே செய்துகொள்ளத் தக்கவை. இனிக் கூறுவது அத்தகையதன்று. நம் கோழிகளை மிகுதியாக அழிப்பது வெள்ளைக்கழிச்சல். இந்நாட்டில் 1920களின் இறுதியில் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிகேத்தில் இந்நோய் அடையாளங் காணப்பட்டமையால், ராணிகேத் நோய் என்றும் வழங்கப்படும். கோழி வாய்திறந்து மூச்சுவாங்கும், வெண்பச்சையாய்க் கழியும், கழுத்து முறுக்கும். வந்தபின் மருந்தில்லை, வருமுன் காக்கும் தடுப்பு மருந்து உண்டு. முதல் வாரத்திற் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டும், நாலாம் வார அளவில் மறுமுறையும், எட்டாம் வார அளவில் ஊசியும் இடுவது வழக்கம். விவரங்களைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிக.

ஆனால் அம்மருந்துக் குப்பி பெரும்பாலும் 100 கோழிகளுக்கோ அதற்கு மேலோ ஆகும் அளவில் வருகின்றது, குளிரில் வைக்கவேண்டுவது, கரைத்தபின் இரண்டு மணி நேரத்திற்குள் தீரவேண்டுவது. ஐந்து கோழி வைத்திருக்கும் ஏழைத் தாய் அதனை எங்ஙனம் வாங்குவாள்? வாங்காமையால் அவள் கோழிகள் மடிகின்றன. நோய் வேலி தாண்டி அடுத்த வீட்டிற்கும் செல்கின்றது. இருபது வீடுகள் கொண்ட தெரு ஒன்றைக் கொள்வோம். வீட்டுக்கு ஐந்தாக 100 கோழிகள். ஒரு குப்பி, ஒரு காலைப்பொழுது. தனித்தனியே எவர்க்கும் இயலாத காரியம் சேர்ந்தவிடத்து எளிதாகின்றது. நோயுற்ற கோழியை அவசரமாய்ச் சந்தையில் விற்பவர் தம் நஷ்டத்தைப் பிறர் தலையிற் கட்டுகின்றனர் என்பதையும் உணர்தல் வேண்டும். செத்த கோழியை எறியாது சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்கவேண்டும். புதிதாய் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வைக்கவேண்டும்.

இக்கூட்டுறவு புதுமையன்று. அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்ததும் 1956 முதல் தமிழ்நாட்டைச் சேர்ந்ததுமான மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் 1920களில் தொடங்கிய கிராமப் புனருத்தாரண நிலையத்தில் ஸ்பென்சர் ஹாச் என்பார் கோழி வளர்ப்பைக் கற்பித்ததோடு, கிராமத்தார் தம் முட்டைகளைக் கூட்டாகச் சேர்த்து விற்கவும் வழிசெய்தார்.

விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்கள் இதனைச் செய்யலாகாதா? தெருவின் கோழிகளை எண்ணி எழுதுவதும், மருத்துவரைக் கண்டு நாள் குறிப்பதும், பனிக்கட்டியிற் குப்பியை வைத்துக் கொணர்வதும் படித்த பிள்ளை ஒருவனுக்கு அரிய வேலையல்ல. இன்னும் ஒன்று: முட்டை காசாவதற்கு முன், அவ்வீட்டுக் குழந்தையின் கலத்திற்குச் செல்லட்டும். 50 கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உள்ளது. அதனை விற்றுக் குழந்தையைப் பட்டினியிடுதல் வரவாகாது. கோழி வீட்டுடையது, அதன் நலமோ தெருவினுடையது. இதனை உணர்ந்த ஊரில் புறக்கடைக் கூடு வெறுமையாகாது.