பசித்தால் 'பசிக்கிறது' என்று சொல்லுங்கள்

நம்பிக்கைகளும் உண்மைகளும்: எக்ஸ்சேஞ்ச் மாணவராக ஜெர்மனியில்

செப்டம்பர் பிறந்தால் நம் கல்லூரிகளிலிருந்து ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சில் ஜெர்மனிக்குப் பிள்ளைகள் கிளம்புகிறார்கள். பெட்டியில் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் இருக்கும். மனத்தில் யார் யாரோ சொல்லி அனுப்பிய கதைகள் இருக்கும். பொடி கடைசி வரை கைகொடுக்கும், கதைகளில் பாதி முதல் வாரத்திலேயே காலை வாரிவிடும். அப்படிப் போய் வந்தவள் நான். இப்போது கிளம்புகிறவர்கள் என்னிடம் வந்து சொல்லும் நம்பிக்கைகளில் ஆறை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை 1: படிப்பு இலவசம், கையில் பெரிதாகப் பணம் வேண்டாம்.

உண்மை: எக்ஸ்சேஞ்ச் ஒப்பந்தத்தில் போகிறவர்கள் பொதுவாக ஊரில் தங்கள் கல்லூரிக்குத்தான் கட்டணம் கட்டுவார்கள். அங்கே செலவு வைப்பது வாடகையும் சாப்பாடும் கட்டாய மருத்துவக் காப்பீடும்தான். உதவித்தொகை இல்லாதவர்கள் விசாவுக்காக 'பிளாக்டு அக்கவுண்ட்'டில் பணம் காட்ட வேண்டியிருக்கும். 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ, ஓராண்டுக்கு 11,904 யூரோ என்பது கணக்கு. அது யாருக்கும் கட்டும் கட்டணம் அல்ல. மாதாமாதம் உங்கள் கைக்கே திரும்பி வரும் சாப்பாட்டுப் பணம்.

நம்பிக்கை 2: பாடம் ஆங்கிலத்தில்தானே, ஜெர்மன் எதற்கு?

உண்மை: வகுப்பறையில் ஆங்கிலம் போதும். வீட்டு வாசலிலேயே ஜெர்மன் தொடங்கிவிடும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதை 'அன்மெல்டுங்' என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். வங்கி, காப்பீடு, அலுவலகம் என்று எல்லாரும் காகிதத்தில் கடிதம் அனுப்புவார்கள், பெரும்பாலும் ஜெர்மனில். தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் அந்தக் கடிதமும் வந்து சேராது. கிளம்புமுன் மூன்று மாதம் மொழி படித்தால் அங்கே முப்பது நாள் அலைச்சல் மிச்சம்.

நம்பிக்கை 3: அங்கே எல்லாமே கடிகாரம் போல நடக்கும்.

உண்மை: மனிதர்கள் நேரம் தவற மாட்டார்கள். ரயில்கள் தவறும். 2024-இல் நெடுந்தூர ரயில்களில் ஏறத்தாழ 62 விழுக்காடுதான் நேரத்துக்கு வந்து சேர்ந்தன. பல்கலைக்கழகத்துக்கோ தனிக் கணக்கு உண்டு. கால அட்டவணையில் 10 மணி என்று போட்டுப் பக்கத்தில் 'சி.டி.' என்று இருந்தால் வகுப்பு 10.15-க்குத்தான். 'எஸ்.டி.' என்று இருந்தால் சரியாக 10. பாடம் முடிந்ததும் விரல் முட்டிகளால் எல்லாரும் மேசையைத் தட்டுவார்கள். அந்தச் சத்தம் கேட்டுப் பதற வேண்டாம், அதுதான் அவர்களின் கைதட்டல்.

நம்பிக்கை 4: ஞாயிற்றுக்கிழமை ஊரே செத்துக் கிடக்கும்.

உண்மை: கடைகள் மூடியிருக்கும் என்பது சரி. ஞாயிறு ஓய்வை 1919-ஆம் ஆண்டின் வைமர் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 1949-இல் வந்த சட்டமும் அந்த விதியை அப்படியே ஏற்றுக்கொண்டது. அதனால் அரிசியும் பாலும் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். மறந்தால் பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் கதி. அன்று சுவரில் துளை போடுவதும் கண்ணாடி பாட்டில்களைத் தெருத்தொட்டியில் போடுவதும் கூடாது. ஆனால் ஆற்றங்கரைக்குப் போய்ப் பாருங்கள். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளை, நாய் என்று குடும்பம் குடும்பமாக நடப்பார்கள். பிற்பகலில் வீட்டுக்கு வீடு காபியும் கேக்கும். கடையில் நிற்பவருக்கும் ஒரு நாள் தன் குடும்பத்தோடு இருக்கக் கிடைக்கிறது. அந்த ஏற்பாட்டை நான் மனதார மதிக்கிறேன்.

நம்பிக்கை 5: சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினிதான்.

உண்மை: 'மென்சா' எனும் மாணவர் உணவகங்களில் இறைச்சி இல்லாத உணவு சாதாரணம். பெர்லினில் 2010 முதல் முழுக்கச் சைவ மென்சாவே இருக்கிறது. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வேண்டுமென்றால் ஈழத் தமிழர் நடத்தும் கடையைத் தேடுங்கள். போரில் வீடிழந்து வந்தவர்கள் அவர்கள். ஹாம் நகரில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்மன் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. தேர்த்திருவிழா அன்று அந்தத் தெருவில் தமிழ்தான் காதில் விழும்.

நம்பிக்கை 6: ஜெர்மானியர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

உண்மை: இதைத்தான் நான் முழுதாக நம்பினேன். நான்கு பேர் பங்கிட்டு இருந்த வீடு, ஒரே சமையலறை, குளிர்பெட்டியில் ஆளுக்கொரு தட்டு. பக்கத்து அறைப் பெண் சமைப்பாள், எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவாள், "உனக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். 'சாப்பிட்டாச்சா?' என்பதையே வணக்கமாகச் சொல்லி வளர்ந்த எனக்கு அது நெஞ்சில் குத்தியது. பிறகொரு நாள் புரியாத காப்பீட்டுக் கடிதம் ஒன்றோடு அவள் கதவைத் தட்டினேன். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாக விளக்கினாள், பதிலும் எழுதித் தந்தாள். "முன்பே கேட்டிருக்கலாமே! நானாக வந்தால் உனக்குத் தொந்தரவாகுமோ என்றுதான் ஒதுங்கியிருந்தேன்" என்றாள்.

அன்று எனக்குப் புரிந்தது. நம் ஊரில் வலிய வந்து விசாரிப்பது அன்பு. அங்கே நீங்கள் அழைக்கும்வரை விலகி நிற்பது மரியாதை. அதனால் கேளுங்கள், கேட்டால் செய்வார்கள். முடியாது என்றால் அதையும் நேராகச் சொல்வார்கள், அதில் பகை இல்லை.

அதேபோல் உங்கள் வார்த்தையையும் அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். அவள் முதல்முறை தட்டை நீட்டியபோது, பழக்கத்தில் "வேண்டாம்" என்றேன். இரண்டாம் முறை கேட்பாள் என்று காத்திருந்தேன். தட்டு திரும்பிப் போய்விட்டது. அடுத்த முறை "பசிக்கிறது, கொடு" என்றேன். சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.