நான்காவதாக வந்தவர்

கேள்வி: 2024 உலகச் சாம்பியன் சைக்கிள் பந்தயத்தில் நான்காவதாக வந்தவர் லாத்வியாவின் டோம்ஸ் ஸ்குயின்ஷ். யார் இவர் என்று தேடிப் பார்த்தேன். பத்து வருடத்துக்கும் மேலாக ஓட்டுகிறார். ஆனால் பெரிய பட்டம் எதுவும் கண்ணில் படவில்லை. ஜெயிக்காதவருக்கு ஒரு பெரிய அணி எதற்காக இத்தனை வருடம் சம்பளம் கொடுக்கிறது?

பதில்: சம்பளமே அதற்குத்தான். 2024 டூர் டி பிரான்ஸில் 22 அணிகள், அணிக்கு 8 பேர், ஆக 176 பேர் கிளம்பினார்கள். இப்படிக் கிளம்புகிறவர்களில் தனக்காக ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மீதிப் பேரின் வேலை, தலைவரைக் காற்றிலிருந்து மறைப்பது. முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், அவர் சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். 200 கிலோமீட்டருக்கு அந்த மிச்சத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அணியின் காரிடம் பின்தங்கிப் போய், தண்ணீர்ப் புட்டிகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு திரும்பி வருவதும் இவர்கள்தான். இந்த வேலைக்காரருக்குப் பிரெஞ்சில் ‘டொமெஸ்டிக்’ என்று பெயர். சொல்லுக்குப் பொருளும் அதுதான், வீட்டு வேலையாள். லிடில்-ட்ரெக் அணியில் முன்னாள் உலகச் சாம்பியன் மாட்ஸ் பெடர்சன் போன்றவர்களுக்காக ஸ்குயின்ஷ் செய்துவருவது பெரும்பாலும் இதைத்தான்.

ஆனால் ‘ஜெயிக்காதவர்’ என்று நீங்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1991-இல் சிகுல்டாவில் பிறந்தவர். லாத்வியாவின் மிக உயர்ந்த குன்றே 312 மீட்டர்தான். ஆனால் சிகுல்டா கௌயா ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருக்கிறது, குட்டையான செங்குத்து மேடுகள் உள்ள இடம். அவருடைய பலமும் குட்டையான மேடுகளில்தான் என்பது தற்செயலாகக்கூட இருக்கலாம். 2015-இல், ஹின்காபி என்ற சிறிய அமெரிக்க அணியில் இருந்தபோது, கலிபோர்னியா பந்தயத்தின் மூன்றாம் நாளை ஜெயித்து, முன்னிலையில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையையும் போட்டார். பெரிய அணிகள் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான். அதே பந்தயத்தில் 2016-இலும் 2018-இலும் ஒவ்வொரு நாள் ஜெயித்தார்.

இரண்டுக்கும் நடுவில் 2017. அதே கலிபோர்னியாவில் விழுந்து, தலையில் அடிபட்டு, எழுந்து நிற்க முடியாமல் சாலையின் குறுக்கே தள்ளாடினார். மற்ற வண்டிகள் அருகே உரசிப் பாய்ந்தன. அந்த நிலையிலேயே திரும்ப சைக்கிளில் ஏற்றிவிடப்பட்டார். பிறகுதான் அணி நிறுத்தியது. காணொளியை ஒருமுறை பார்த்தேன், மறுபடி பார்க்கத் துணிவில்லை. தலைக்காயத்துக்கென்று உலக சைக்கிள் சங்கம் ஒரு நெறிமுறையை வெளியிட்டது 2020 டிசம்பரில்தான்.

கூட்டத்திலிருந்து பிரிந்து முன்னே ஓடிப்போகும் சிறு குழுவில் சேர்வது அவருக்குப் பிடித்த விளையாட்டு. 2018 டூரில், மலைகள் வருவதற்கு முன்பே, பிரிட்டனி பகுதியின் சின்னச் சின்ன ஏற்றங்களில் புள்ளி சேர்த்து, மலையேற்ற வீரருக்கான சிவப்புப் புள்ளிச் சட்டையைச் சில நாள் அணிந்திருந்தார். நிஜ மலை வந்ததும் சட்டை கை மாறியது. அதில் அவமானம் ஒன்றுமில்லை, இந்த விளையாட்டின் குறும்பு அது.

பிறகு 2024. முப்பத்து மூன்று வயதை எட்டிய அந்த வருடத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை, நானும்தான். மார்ச்சில் இத்தாலியின் ஸ்ட்ராடே பியாங்கேயில், வெள்ளை மண் சாலைகளில், 81 கிலோமீட்டர் மீதமிருக்கும்போதே, அதே வருடம் உலகச் சாம்பியனான போகச்சார் தனியாகப் போய்விட்டார். மிச்சம் இருந்தவர்களுக்குள் நடந்த போட்டியில் முந்தி, இரண்டாம் இடத்தைப் பிடித்தது ஸ்குயின்ஷ். ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஐந்தாவது. செப்டம்பரில் சூரிக்கில், நீங்கள் சொன்ன அந்த உலகப் பந்தயத்தில், போகச்சார், ஓ’கானர், வான் டெர் போல் ஆகியோருக்கு அடுத்து நான்காவது. உலகப் பந்தயத்துக்குப் பெரிய நாடுகள் எட்டுப் பேரோடு வரும். அவருக்காகக் காற்றை மறைக்க அப்படி ஒரு பட்டாளம் லாத்வியாவிடம் இல்லை. அதனால் அந்த நான்காம் இடத்தை நான் பல வெற்றிகளுக்கு மேல் வைப்பேன்.

லாத்வியாவிடம் உலகச் சாம்பியனுக்கான வானவில் சட்டை இல்லாமல் இல்லை. 2000-இல் பிரான்ஸின் ப்ளூவேயில் ரோமான்ஸ் வைன்ஷ்டைன்ஸ் உலகச் சாம்பியன் ஆனார். அதற்கும் முன்னால், 1994 டூரில் இன்டுராய்னுக்கு அடுத்தபடியாக பியோத்ர் உக்ருமோவ் இரண்டாவதாக வந்தார். பட்டம் வேண்டுமென்றால் அவர்களைத் தேடுங்கள்.

ஸ்குயின்ஷைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு யோசனை. மார்ச் தொடக்கத்தில் ஸ்ட்ராடே பியாங்கே நேரலை வரும்போது கடைசிப் பத்து நிமிடத்துக்குக் காத்திருக்காதீர்கள். நடுவில், தூசி அதிகமாக எழும் இடத்தில் பாருங்கள். சியெனாவின் சதுக்கத்துக்கு யார் முதலில் ஏறுவது என்பதில் பாதி அங்கேயே முடிவாகியிருக்கும்.