புது கார் வாங்கப் போகிறீர்களா? கொட்டேஷனை வரிவரியாகப் படியுங்கள்!

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இவற்றைக் கவனியுங்கள்:

● "ஆன்-ரோடு எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். எக்ஸ்-ஷோரூம் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ், ஆக்சஸரீஸ் எனத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஜி.எஸ்.டி., எக்ஸ்-ஷோரூம் விலையிலேயே அடங்கிவிடும்.

● சாலை வரியும் பதிவுக் கட்டணமும் அரசு நிர்ணயிப்பவை; அவற்றில் பேரம் கிடையாது. 'ஹேண்ட்லிங் சார்ஜ்' அரசுக் கட்டணம் அல்ல. கொட்டேஷனில் அது இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

● டீலரிடமே இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெளியே விசாரித்த பிரீமியத்தைக் காட்டிக் குறைக்கச் சொல்லுங்கள்.

● விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். 12 லட்ச ரூபாய் காருக்கு 12,000 ரூபாய். இதை வருமான வரிக் கணக்கில் காட்டி ஈடுசெய்யலாம். பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள்.

● சீட் கவர், மேட் எல்லாம் 'இலவசம்' என்றால், "அவை வேண்டாம், அந்தத் தொகையை விலையில் கழியுங்கள்" என்று கேளுங்கள்.

● ஒரே மாடலுக்கு இரண்டு ஷோரூம்களிலாவது கொட்டேஷன் வாங்குங்கள். பேரத்தில் அந்தக் காகிதம்தான் உங்கள் பலம்.

● பதிவுக்கு முன்பே வண்டியை நேரில் பாருங்கள். தயாரிப்பு மாதம், ஆண்டு, பெயின்ட், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் திருப்தியாக இருந்தால் மட்டுமே மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.