பாசி எண்ணெயும் திட வினையூக்கியும்

குளத்து நீரைப் பச்சையாக்கும் பாசியை அழுக்கென்று ஒதுக்குகிறோம். ஆனால் கண்ணுக்குத் தனித்துத் தெரியாத நுண்பாசிகளுள் குளோரெல்லா முதலிய சில, சூரிய ஒளியின் ஆற்றலை எண்ணெயாகத் தம் உடலில் சேமிக்கின்றன. இவ்வெண்ணெயை எரிபொருளாக்கும் வழிகளை அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை ஆராய்ந்தது.

எண்ணெயை அப்படியே டீசல் எஞ்சினில் ஊற்றினால் என்ன? 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஓர் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது உண்மையே. எனினும் இத்தகைய எண்ணெய்களின் பாகுநிலை டீசலைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு. ஆகவே எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறாது. சரிவர எரியாமல் கரி படியும்.

எண்ணெய் மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் பிணைந்துள்ளன. அவற்றைப் பிரித்துவிட்டால் பாகுநிலை குறையும்.

எண்ணெய் + 3 மெதில் ஆல்கஹால் → 3 மெதில் எஸ்டர் + கிளிசரின்

இந்த மெதில் எஸ்டரே பயோடீசல். வினையை விரைவாக்க வழக்கமாகக் காஸ்டிக் சோடாவை ஆல்கஹாலில் கரைத்துச் சேர்ப்பர். இங்குதான் தொல்லை. பாசி எண்ணெயில் ஈரமும், எதனோடும் பிணையாத தனிக் கொழுப்பு அமிலங்களும் மிகுதியாக இருப்பதுண்டு. அமிலமும் காரமும் சேர்ந்தால் சோப்பு! அது பயோடீசலையும் கிளிசரினையும் பிரிய விடாது. எஞ்சிய காரத்தை நீரூற்றிக் கழுவவும் வேண்டும். அது திரும்பக் கிடைக்காது.

கரையாத திடப்பொருளே வினையூக்கியானால்? வேலை முடிந்ததும் வடிகட்டி எடுத்து மீண்டும் பயன்படுத்தலாம். சுட்ட சுண்ணாம்பு அத்தகையது. முட்டை ஓட்டை 800–900 டிகிரி சென்டிகிரேடில் சுட்டும் இதைப் பெறலாம்.

ஆனால் திடப்பொருளின் பரப்பில் மட்டுமே வினை நிகழும். பக்கம் 1 செ.மீ. உள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ. அதையே ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக்கினால் மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர், பத்தாயிரம் மடங்கு! நுண்துளைகளும் பரப்பைக் கூட்டும். எனினும் துளை மிகக் குறுகினால் பருத்த எண்ணெய் மூலக்கூறு உள்ளே நுழையாது.

வேறு குறைகளும் உண்டு. சுட்ட சுண்ணாம்பு காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் ஏற்றுச் செயலிழக்கும். சிறிதளவு கரையவும் செய்யும். அமிலம் மிகுந்தால் இதுவும் சோப்பாகும். ஆகவே முதலில் சல்பேட் ஏற்றிய சிர்கோனியா போன்ற திட அமிலத்தால் தனி அமிலங்களை எஸ்டராக்கி, உண்டாகும் நீரை நீக்கி, பிறகு காரத்தைப் பயன்படுத்தலாம். திட அமிலம் மெதுவாகச் செயற்படும். கூடுதல் வெப்பமும் வேண்டும்.

பாசியை வளர்க்கவும் உலர்த்தவும் எண்ணெய் எடுக்கவும் ஆற்றல் செலவாகிறது. அச்செலவைத் திட வினையூக்கி குறைக்காது. அதன் பிறகு வரும் வீணைத்தான் குறைக்கும். கிடைக்கும் எரிபொருளின் ஆற்றல் மொத்தச் செலவை மிஞ்சினால்தான் பயன்.

கணக்கிடுக: அதே கனசதுரத்தை 0.1 மி.மீ. பக்கமுள்ள துண்டுகளாக்கினால் மொத்தப் பரப்பு எவ்வளவு? (விடை: 600 சதுர செ.மீ.)