பரதர் மூவர்

இதிகாச புராணங்களைப் பயிலும் அன்பர்களுக்கு எழும் ஐயங்களுள் ஒன்று, ஒரே பெயர் பலருக்கு வழங்குவதால் வருவதாகும். ‘பரதன்’ என்னும் பெயர் அத்தகையது. நாட்டிய சாஸ்திரம் அருளிய பரத முனிவர் நீங்கலாக, அரச குலத்தில் தோன்றிப் புகழ்பெற்ற பரதர் மூவர். 

1. ரிஷபதேவரின் மைந்தர்

ஸ்ரீமத் பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தம் இவர் வரலாற்றைக் கூறுகிறது. ரிஷபதேவரின் புதல்வர் நூற்றுவருள் மூத்தவர். நெடுங்காலம் நாடாண்டபின் அனைத்தையும் துறந்து, கண்டகி நதிக்கரையில் தவம் மேற்கொண்டார். ஒருநாள், சிங்கத்தின் கர்ஜனைக்கு அஞ்சித் தாவிய சினைமானின் குட்டி ஆற்றில் வீழ்ந்தது. இரக்கத்தால் அதனை எடுத்து வளர்த்தார். நாளடைவில் இரக்கம் பற்றாயிற்று. பூஜை நியமங்கள் தளர்ந்தன. இறுதி வேளையிலும் மானையே நினைந்தமையால் மறுபிறவியில் மானாகப் பிறந்தார். அதன்பின் அந்தணர் மகனாகத் தோன்றி, பற்று மீண்டும் அணுகாவண்ணம் ஜடம்போல் வாழ்ந்தமையால் ‘ஜடபரதர்’ எனப்பட்டார். தம்மைப் பல்லக்குச் சுமக்கச் செய்த ரகூகண மன்னனுக்கு ஞானோபதேசம் செய்தவர் இவரே.

2. துஷ்யந்தனின் மைந்தன்

சந்திர குலத்தவன், சகுந்தலையின் புதல்வன். இளமையில் கொடிய விலங்குகளையும் அடக்கியமையால் ‘சர்வதமனன்’ எனப் பெயர் பெற்றான். தன் மக்கள் ஒன்பதின்மருள் ஒருவரும் தனக்கு நிகராகாமை கண்டு, பரத்வாஜ முனிவர் அருளால் பூமன்யுவை மகனாகப் பெற்றான் என்கிறது மகாபாரதம். பாண்டவரும் கௌரவரும் இவன் வழித்தோன்றல்களே.

3. தசரதனின் மைந்தன்

சூரிய குலத்தவன், கைகேயியின் புதல்வன். தாய் பெற்ற வரத்தால் வந்த அரசை ஏற்க மறுத்தான். அண்ணன் இராமபிரானின் பாதுகைகளை அரியணையில் ஏற்றி, மரவுரி தரித்து, 14 ஆண்டுகள் நந்திக்கிராமத்தில் தவக்கோலத்துடன் இருந்து நாட்டைக் காத்தான். இராமபிரான் மீண்டதும் அரசை அவரிடமே ஒப்படைத்தான்.

நாட்டின் பெயர்

நம் நாடு ‘பாரதம்’ எனப் பெயர் பெற்றது ரிஷபதேவரின் மைந்தரால் என்று பாகவதம் கூறுகிறது. பரத குலம் என்னும் பெயரை மகாபாரதம் துஷ்யந்தன் மைந்தனோடு இணைக்கிறது. இராமபிரானின் தம்பியைக் குறித்து இந்நூல்கள் அவ்வாறு கூறவில்லை.

உணரத்தக்கது

காட்டிற்குச் சென்ற பரதரை ஒரு மான்குட்டி பிணித்தது. அரசின் அருகிலேயே இருந்த பரதனை அரியணையும் பிணிக்கவில்லை. துறவு என்பது இடத்தில் இல்லை, உள்ளத்தில் இருக்கிறது. இல்லறத்தில் கடமையாற்றுவோர், தம்மிடம் உள்ள பொருளையும் பதவியையும் இறைவன் ஒப்படைத்த பாதுகைகளாகக் கருதிக் காப்பாராயின், அதுவே தவமாகும்.