தெற்கு வானத்தில் ஆஸ்ட்ரோசாட்

அன்புள்ள தங்கைக்கு,

அந்தமானில் உன் ஊரான ஷாதிபூரில் மொட்டை மாடி ஏறித் தெற்கே திரும்பினால் நிக்கோபார் பக்கத்து வானம் தெரியும். இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கி ஆஸ்ட்ரோசாட் நாள்தோறும் பல முறை மேற்கிலிருந்து கிழக்காக அந்தப் பக்கம் கடந்து போகிறது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் அதை ஏற்றிச் சென்றது. எடை சுமார் 1,500 கிலோ, சுற்றும் உயரம் 650 கிலோமீட்டர். பூமியை ஒரு முறை சுற்றி வர ஏறக்குறைய 98 நிமிடம் ஆகும்.

அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 6 டிகிரி மட்டுமே சாய்ந்தது. ஆகவே தமிழ்நாட்டின் தலைக்கு நேர் மேலே அது வருவதே இல்லை. இந்திய மண்ணில் அந்தப் பாதைக்கு மிக அருகில் இருப்பது கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை. ஆனாலும் உன் ஊரில் ஒவ்வொரு சுற்றிலும் தொடுவானத்துக்கு மேலே எழுந்துதான் போகிறது.

இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தென் அட்லாண்டிக் கடலுக்கும் பிரேசிலுக்கும் மேலே மின்னேற்றத் துகள்கள் அடர்ந்த பகுதி ஒன்று இருக்கிறது. அதற்குள் நுழையும் கருவிகள் பழுதாகலாம். பொய்யான சமிக்ஞைகளும் குவியும். நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றுவதால் ஆஸ்ட்ரோசாட் அந்தப் பகுதியின் ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டு வந்துவிடுகிறது.

மழைமேகம் மறைக்காத மலையுச்சியில் தொலைநோக்கியை வைத்தால் போதாதா என்று நீ கேட்கலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அது போதும். திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அப்படித்தான் பணியாற்றுகிறது. ஆனால் விண்மீன்களின் புற ஊதாக் கதிரையும் எக்ஸ் கதிரையும் காற்றுமண்டலம் உறிஞ்சிவிடுகிறது. அவற்றைப் பிடிக்க மேலே போவதைத் தவிர வழியில்லை.

காவலூரை நடத்தும் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையில் உருவான புற ஊதாத் தொலைநோக்கி, ஆஸ்ட்ரோசாட்டில் இருக்கிறது. அது ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் கண்ணாடிகள் கொண்ட இரட்டைக் கருவி. கேமராவைப் போல அது படம் எடுப்பதில்லை, ஒளித்துகளான ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. ஒரு ஃபோட்டான் உணரியின் முகப்பில் பட்டால் ஓர் எலெக்ட்ரான் தெறிக்கும். நுண்துளைத் தகடுகள் அந்த எலெக்ட்ரானைப் பல மடங்கு பெருக்கும். பெருகிய கூட்டம் ஒளிர்திரையில் மோதும்போது சின்ன மின்னல் ஒன்று தோன்றும். அந்த மின்னலின் நடுப்புள்ளி எங்கே, எந்த நொடியில் என்பதுதான் பதிவு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எவ்வளவு நுட்பமாக நிறுத்தினாலும் செயற்கைக்கோள் சற்றே அசைந்துகொண்டுதான் இருக்கும். அதனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பார்க்கும் தனிப் பிரிவு ஒன்று விண்மீன்களைப் பின்தொடர்ந்து அந்த அசைவைக் குறித்துக்கொள்கிறது. பிறகு தரையிலுள்ள கணினி ஒவ்வொரு ஃபோட்டானையும் அதன் சரியான இடத்துக்கு நகர்த்தி வைக்கிறது. மங்கலாகியிருக்க வேண்டிய படம் இப்படித்தான் கூர்மையாகிறது. ஆஸ்ட்ரோசாட்டின் வேலைகளில் மிக அழகானது இதுதான்.

எக்ஸ் கதிருக்குச் சாதாரணக் கண்ணாடி உதவாது. நேராக விழுந்தால் அது உள்ளே புகுந்துவிடும். தட்டையான கல்லைச் சாய்வாக வீசினால் கடல்நீரில் தத்திப் போகுமே, அதுபோல மிகச் சாய்வாகப் பட்டால்தான் அது திரும்பும். எனவே ஆஸ்ட்ரோசாட்டின் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியில் தங்கம் பூசிய மெல்லிய தகடுகளைக் கூம்பு வடிவில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கதிர் குவியும் இடத்திலுள்ள உணரியை மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்விக்கிறார்கள். இவற்றோடு செனான் வாயு நிரப்பிய எண்ணிகள், காட்மியம் துத்தநாக டெல்லுரைடு உணரி, வானத்தைச் சுற்றிக் கண்காணிக்கும் கருவி ஆகியவையும் உண்டு. காட்மியம் உணரி 500க்கும் மேற்பட்ட காமா கதிர் வெடிப்புகளைப் பதிவு செய்திருக்கிறது. கருந்துளையை நெருங்கும் வாயு பல வகைக் கதிர்களை உமிழும். அவற்றை ஒரே நேரத்தில் பார்ப்பதற்காகவே இத்தனை கருவிகளை ஒரே செயற்கைக்கோளில் வைத்தார்கள்.

பழுதானால் மேலே போய்ச் சரிசெய்ய ஆளில்லை. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கிக்கு விண்வெளி வீரர்கள் போய் வந்தார்கள், ஆஸ்ட்ரோசாட்டுக்கு அந்த வசதி இல்லை. 2018இல் புற ஊதாத் தொலைநோக்கியின் ஒரு பிரிவு செயலிழந்தது. மற்றப் பிரிவுகள் வேலையைத் தொடர்ந்தன. ஐந்து ஆண்டுகளுக்கு என்று திட்டமிட்ட செயற்கைக்கோள் பத்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

ஒரு கண்டுபிடிப்பை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். 2016 அக்டோபரில் வானத்தின் ஒரே துண்டை ஆஸ்ட்ரோசாட் 28 மணி நேரத்துக்கும் மேலாகப் பார்த்தது. புனேயின் ஐயூகா நிறுவனத்தைச் சேர்ந்த கனக் சாகா தலைமையிலான குழு அந்தப் பதிவுகளை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அலசியது. 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து வந்த தீவிரப் புற ஊதாக் கதிர் அதில் அகப்பட்டது. 2020இல் முடிவு வெளியானது. ஹப்பிளின் கண்ணாடி 2.4 மீட்டர் அகலம். அதைவிட மிகச் சிறிய கருவிக்கு இது கைகூடியதற்குக் காரணம், அதன் உணரியில் பொய்ச் சமிக்ஞை மிகக் குறைவு என்பதே.

பெங்களூருக்கு அருகே பயலாலுவில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையம் ஆஸ்ட்ரோசாட்டின் பதிவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. இணையத்தில் பெயர் பதிந்து இறக்கிக்கொள்ளலாம். நண்டு நெபுலாவின் எக்ஸ் கதிர்ப் பதிவிலிருந்து தொடங்கு. கோப்பைத் திறந்தால் ஃபோட்டான்கள் வந்த நேரங்கள் வரிசை வரிசையாக எண்களாக இருக்கும், படம் எதுவும் இருக்காது. பைத்தானில் சிறு நிரல் எழுதி, அந்த நேரங்கள் எந்த வேகத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தேடு. நெபுலாவின் நடுவிலுள்ள நியூட்ரான் விண்மீன் வினாடிக்கு ஏறக்குறைய 30 முறை சுழல்கிறது. உன் விடையும் அதற்குப் பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் நிரலை எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்