தனியறிவும் கூட்டறிவும்

முன்னுரை

அறிவிற் சிறந்தோர் பலர் ஓரிடத்தில் கூடினால் அந்நிறுவனமும் அறிவிற் சிறந்ததாகிவிடும் என்று எண்ணுவது இயல்பே. உலகியல் எப்போதும் அவ்வாறு அமைவதில்லை. 1986 சனவரி 28 அன்று அமெரிக்காவின் சாலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதைந்து, எழுவர் உயிரிழந்தனர். கடுங்குளிரில் உந்துகணையின் ரப்பர் வளையங்கள் நெகிழ்ச்சி இழக்கும் என்று அவற்றை அறிந்த பொறியாளர்கள் முதல்நாள் இரவே எச்சரித்திருந்தனர். தேவையான அறிவு நிறுவனத்தின் எல்லைக்குள்ளேயே இருந்தும், முடிவெடுக்கும் இடத்தில் அதற்கு மதிப்புக் கிட்டவில்லை. 2003 பிப்பிரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடமும் அழிந்து மேலும் எழுவர் மாண்டனர். முந்தைய விபத்தின் பாடம் அந்நிறுவனத்தில் நிலைபெறவில்லை என்பதை ஆய்வுக்குழு எடுத்துரைத்தது.

உலகின் தலைசிறந்த அறிவியலாளர் நிறைந்த ஓர் அமைப்பே இவ்வாறு தவறியது எனின், ஒரு நிறுவனத்தை அறிவுடையதாக்குவது எது? இவ்வினாவிற்கு விடையை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்திலும் அதனை அடுத்த புதுவைக் கடற்கரையிலும் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வள்ளுவர் வகுத்த வரிசை

திருக்குறளின் பொருட்பாலில் அரசியல் என்னும் இயல் இறைமாட்சியுடன் தொடங்குகிறது. அதனையடுத்துக் கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை, குற்றங்கடிதல், பெரியாரைத் துணைக்கோடல் என அதிகாரங்கள் நிரலாக வருகின்றன. இவை தனிமனிதனுக்கும் உரியவையே. ஆயினும் இவற்றை அரசு என்னும் பேரமைப்பை நடத்துவோர்க்குரிய பகுதியில் ஆசிரியர் வைத்துள்ளமை நாம் உற்று நோக்கத்தக்கது. கற்றல், பிறர் சொல்லக் கேட்டல், தன் குற்றம் நீக்கல், மூத்தோர் துணையை நாடல் ஆகிய நான்கும் அமைந்த இடத்திலேதான் ஆட்சி சிறக்கும் என்பது இவ்வைப்புமுறையால் பெறப்படுகிறது. இன்றைய மேலாண்மை நூலார் 'கற்கும் நிறுவனம்' என்று பேசுகின்றனர். பீட்டர் செங்கே என்பார் 1990-இல் வெளியிட்ட நூலால் இக்கருத்து உலகெங்கும் பரவிற்று. சொல் புதிதாயினும் அதன் பொருள் நமக்குப் புதிதன்று.

திண்டிவனம் தந்த மல்லாட்டை

நிலக்கடலையை நம் வட்டார மக்கள் 'மல்லாட்டை' என்பர். மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ இது. திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த கடலை வகைகள் டி.எம்.வி. என்னும் எழுத்துகளைத் தாங்கி நிற்கின்றன. அவ்வெழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பன. அவற்றுள் டி.எம்.வி. 2 என்னும் வகை 1940-இல் வெளியிடப்பட்டது. தமிழகத்தைக் கடந்து ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் பல்லாண்டுக் காலம் உழவர்கள் அதனை விரும்பிப் பயிரிட்டனர்.

இவ்வகையின் பிறப்பு நமக்கு ஒரு பாடமாகும். முற்றிலும் அயலான ஒன்றை நிலையத்தார் கொண்டுவந்து புகுத்தவில்லை. 'குடியாத்தம் கொத்து' என்று வழங்கிய கடலையிலிருந்து நல்ல செடிகளைத் திரளாகத் தேர்ந்து இதனை உருவாக்கினர். வயலில் ஏற்கெனவே விளைந்துகொண்டிருந்ததை ஆய்வாளர் கண் தேர்ந்தெடுத்தது. தேர்ந்ததை மீண்டும் வயல் ஏற்றுக்கொண்டது. கடலையில் ஒரு பங்கு விதைத்தால் கிடைக்கும் விதையின் பெருக்கம் நெல்லையும் எள்ளையும் நோக்க மிகக் குறைவு. ஆகவே புதிய வகையொன்று ஊரெங்கும் பரவுவதற்குப் பல பருவங்கள் ஆகும். உழவர் தம் விளைச்சலில் விதைக்கென ஒரு பகுதியை எடுத்துவைத்து அண்டை வீட்டார்க்கும் அளித்தாலன்றி நிலையத்தின் உழைப்பு நிலையத்தோடு நின்றுவிடும். ஆய்வாளரும் உழவரும் தனித்தனியே நின்றிருந்தால் இவ்விதை இத்துணைத் தொலைவு சென்றிருக்க இயலாது.

எழுதி வைக்கும் பழக்கம்

அடுத்து, மகளிர் குழுக்களை நோக்குவோம். 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் அடுத்த சில ஆண்டுகளில் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்திற்கும் விரிந்தது. 1993-இல் அம்மாவட்டத்திலிருந்து பிரிந்ததே விழுப்புரம் மாவட்டமாகும். 12 முதல் 20 பெண்கள் கூடிய ஒரு குழு. அதற்கு ஓர் ஊக்குநர், இரு பிரதிநிதிகள். குறித்த நாளில் கூட்டம், சேமிப்பு, உள்கடன். இவையனைத்திற்கும் நடுநாயகமாக விளங்கியது தீர்மானப் புத்தகமும் கணக்கேடுமேயாம்.

எழுத்தறியாத உறுப்பினரும் தம் பெயருக்கு நேரே எவ்வளவு வரவு என்று கேட்டு அறிந்துகொண்டார். ஊக்குநர் மாறினாலும் ஏடு மாறவில்லை. ஒருவர் நினைவில் மட்டும் இருப்பது அவரோடு போகும். ஏட்டில் ஏறி, கூட்டத்தில் படிக்கப்பட்டதோ அமைப்பின் உடைமையாகும். வங்கிகள் இக்குழுக்களை நம்பிக் கடன் வழங்கியதற்கு ஒழுங்காகப் பேணப்பட்ட இவ்வேடும் ஒரு காரணமாயிற்று.

வில்லியனூர் அறிவு மையம்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் இருப்புப்பாதையில் அமைந்துள்ளது வில்லியனூர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் இவ்வூரை நடுவமாகக் கொண்டு சிற்றூர்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. இணையம் நகரங்களிலேயே அரிதாயிருந்த காலம் அது. தொலைபேசி சரிவர எட்டாத ஊர்களைக் கம்பியில்லாத் தொடர்பால் இணைத்தனர். மின்தடைக்கு மாற்றாகச் சூரிய ஒளி மின்கலங்களைப் பொருத்தினர்.

கருவிகளை நிறுவுமுன் மக்களுக்கு எச்செய்தி தேவை என்று கேட்டறிந்தது இத்திட்டத்தின் சிறப்பாகும். விளைபொருள் விலை, பூச்சி மருந்து, அரசு உதவித் திட்டங்கள், மருத்துவர் வரும் நாள் என அவரவர் ஊருக்கு வேண்டிய செய்திகளை அவ்வூர்த் தொண்டர்களே தமிழில் தொகுத்தனர். தொண்டருள் பெண்கள் பலர். மையத்திற்கு உரிய இடத்தை ஊரார் அளித்தல் வேண்டும்; சாதி, பால் வேறுபாடின்றி எவரும் அங்கு நுழையக் கூடியதாய் அஃது இருத்தல் வேண்டும் என்பன நிபந்தனைகள். எம்பலம் என்னும் ஊரில் கோயிலுக்குரிய இடத்திலேயே மையம் அமைந்தது. வீராம்பட்டினம் மீனவர்க்கு, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து பெற்ற அலை உயரச் செய்தி ஒலிபெருக்கி வழியே நாள்தோறும் அறிவிக்கப்பட்டது. எங்கோ ஒரு வல்லரசு தன் கப்பல்களுக்காகத் திரட்டிய செய்தி, கட்டுமரத்தில் செல்வார்க்கு அவர்தம் மொழியில் கிட்டியது.

நல்லவாடு காட்டிய வழி

2004 திசம்பர் 26 காலையில் சுமத்திராவை ஒட்டிய கடலடியில் பெருநிலநடுக்கம் ஏற்பட்டது. புதுவைக் கடற்கரையிலுள்ள நல்லவாடு மீனவர் ஊரில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஓர் இளைஞர் அச்செய்தியை அறிந்து, ஊரிலுள்ள குடும்பத்தாரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் அறிவு மையத்தின் பழைய தொண்டருமாவார். கடல்நீர் வீட்டை நெருங்குவதாக மறுமுனையிலிருந்து விடை வந்தது. உடனே வெளியேறுமாறும் ஊராரை எச்சரிக்குமாறும் அவர் கூறினார். பூட்டியிருந்த மையத்தை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்தனர். 3,000-க்கும் மேற்பட்ட மக்கள் மேட்டுப்பகுதிக்கு ஓடி உயிர் பிழைத்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன.

அன்று அவ்வூரைக் காத்தது எது? தொலைபேசி என்போமா? அன்று அக்கடற்கரை ஊர்கள் பலவற்றில் தொலைபேசி இருந்தது. ஒலிபெருக்கி என்போமா? அதுவும் திருவிழா நடக்கும் ஊரிலெல்லாம் உண்டு. அறிந்ததைத் தன்னளவில் வைத்துக்கொள்ளாத இளைஞர், எவரிடமும் இசைவு கேட்டு நின்று காலம் தாழ்த்தாத ஊரார், பொது அறிவிப்பைக் கேட்டால் நம்பிச் செயற்படும் பழக்கம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தமையாற்றான் கருவி பயன்பட்டது. இப்பழக்கத்தையே நாம் நிறுவனத்தின் பண்பாடு என்கிறோம். சாலஞ்சர் நிகழ்ச்சியில் எச்சரிக்கை எழுந்தும் மதிக்கப்படவில்லை. நல்லவாட்டிலோ ஒரு தொலைபேசிச் சொல் ஊர் முழுவதையும் நடத்திற்று.

தவற்றைச் சொல்லும் துணிவு

குற்றங்கடிதல் என்பது குற்றம் செய்தாரைக் கடிதல் எனப் பல இடங்களில் பொருள் கொள்ளப்படுகிறது. அவ்விடங்களில் தவறுகள் மறைக்கப்படும். மறைந்த தவறு வளரும். சப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் குறை கண்ட தொழிலாளி எவரும் உடனே துணை கோரலாம். குறை தீராவிடில் உற்பத்தி வரிசையே நிற்கும். கடைநிலைத் தொழிலாளியின் கண்ணுக்கு அந்நிறுவனம் தரும் மதிப்பு அது. இளையவர் வினவவும் மூத்தவர் செவிசாய்க்கவும் இயலும் இடத்திலேதான் ஓர் அமைப்பு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்.

கருவியின் இடம்

இன்று ஒவ்வொருவர் கையிலும் திறன்பேசி உண்டு. செயற்கை நுண்ணறிவு கேட்டவுடன் விடை தருகிறது. ஆயினும் எழுதப்படாததையும் பகிரப்படாததையும் எந்திரம் தானே அறிந்து தர இயலாது. செஞ்சிப் பக்கத்து மானாவாரி உழவர் மண்ணின் ஈரத்தைக் கையால் பிடித்துப் பார்த்து விதைப்புக் காலத்தை உணர்வது எவ்வாறு என்பதை, அவரிடம் ஒருவர் சென்று கேட்டு எழுதினாலன்றி எக்கணினியும் உரைக்காது. பகிரும் பழக்கம் உள்ள இடத்தில் கருவி அறிவைப் பெருக்கும். அப்பழக்கம் இல்லாத இடத்தில் செய்திகளைக் குவிக்கும், அவ்வளவே.

முடிவுரை

கல்லூரியும் ஒரு நிறுவனமே. நாற்பதாண்டு கற்பித்த பேராசிரியர் ஒருவர் ஓய்வு பெறும்போது அவர்தம் குறிப்புகளும், எந்தப் பாடம் எந்த இடத்தில் மாணவர்க்குக் கடினமாகிறது என்ற பட்டறிவும் அவருடனேயே விடைபெறுகின்றன. இவ்விழப்பைத் தடுக்கத் துறைதோறும் ஒரு குறிப்பேடு போதும். ஆண்டு இறுதியில் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே அமர்ந்து, செய்தவற்றையும் தவறியவற்றையும் அதில் எழுதி, அடுத்து வருவோர்க்குப் படித்துக் காட்டலாம். விழுப்புரம், திண்டிவனம் ஊர்ப்புறங்களிலிருந்து வரும் மாணவர்கள் தம் வீட்டு முதியோரிடம் வேளாண் சொற்களையும் பயிர்த்தொழில் நுட்பங்களையும் கேட்டுத் தொகுக்கலாம். சமுதாயப் பெரியோர்கள் தம் வணிகப் பட்டறிவையும் பொதுப்பணிப் பட்டறிவையும் மாணவர் முன் வந்து உரைக்கலாம். தாம் கண்ட தோல்விகளையும் மறையாது கூறினால் பயன் மிகும்.

கற்றாரைப் பெற்றிருத்தல் ஒரு நிறுவனத்தின் நற்பேறு. அவர்கள் கற்றதெல்லாம் அவர்களுக்குப் பின்னும் அங்கே தங்கிப் பயன்படுமாறு செய்தலே அந்நிறுவனத்தின் அறிவாகும். அவ்வறிவைத் தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திண்டிவனத்து வயலும் வில்லியனூர் மையமும் நல்லவாட்டு ஒலிபெருக்கியும் நமக்கு அண்மையிலேயே உள்ளன. அவற்றிடம் கற்போம், கற்றதைப் பகிர்வோம்.